மூன்றாவது வரிசைச் சிரிப்பு

மேடையில் பேசுகிறவருக்கு ஒரு மைக் போதும். சிரிக்கிறவர்களுக்கு நாலு வேண்டும்.

தொலைக்காட்சியில் ஒலிக்கலவை பார்க்கிறவர்களுக்கு இது பாலபாடம். பேச்சு ஒரு வாயிலிருந்து வருகிறது. சட்டையில் சின்ன மைக்கைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது. சிரிப்பு அப்படியில்லை, ஒரு கூடமே சேர்ந்து செய்கிற காரியம் அது. அதைப் பிடிக்கக் கூரையில் இரண்டு மைக், மேடை விளிம்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று, எல்லாவற்றையும் பார்வையாளர்களைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். நான்கையும் தனித்தனியாகப் பதிவுசெய்து, பிறகு ஆற அமர உட்கார்ந்து கலக்க வேண்டும். கூரை மைக்கில் சிரிப்பு எங்கோ மழை பெய்வதுபோல மொத்தமாக விழும். விளிம்பு மைக்கில் ஆட்கள் விழுவார்கள்: தொடையைத் தட்டுகிறவர், இருமுகிறவர், 'என்ன சொன்னா?' என்று பக்கத்து ஆளைப் பிடுங்குகிறவர்.

பெரியவள் அந்த வேலையில் கைதேர்ந்தவள். வீட்டில் பெண்கள் இரண்டே பேர் என்பதால் பெரியவள், சின்னவள் என்பதே பெயராக ஒட்டிக்கொண்டது. சின்னவள் மேடையில் ஒற்றை ஆளாக நின்று, வேஷம் மாற்றி மாற்றி ஊர் உலகத்தைக் கிண்டல் செய்கிறவள். அவள் நிகழ்ச்சிக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு. பெரியவள் சன்னல் இல்லாத அறையில், காதில் ஹெட்ஃபோனோடு, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சறுக்குப் பொத்தான்களின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு யாரும் கை தட்டியதில்லை. நல்ல ஒலிக்கலவை என்பதே யாரும் கவனிக்காமல் இருப்பதுதான். அது தெரிந்துதான் அவள் இந்த வேலைக்கு வந்தாள். தெரிந்திருப்பது வேறு, தாங்கிக்கொள்வது வேறு.

சின்னவளின் நிகழ்ச்சியை நிலையம் பதிவுசெய்து ஒளிபரப்ப முடிவெடுத்தபோது கலவை வேலை பெரியவளிடம் வந்தது. "அக்கா கையில குடுத்தா எனக்குக் கவலையே இல்ல" என்று சின்னவள் எல்லாரிடமும் சொன்னாள்.

நிகழ்ச்சியின் நடுவில் ஓர் உபதேசி வருவார். அங்கியும் தாடியுமாகச் சின்னவளேதான். ஒலிபெருக்கியை ஊதிப் பார்த்து, பத்தவில்லை என்று இன்னும் பெரிதாக ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, கடைசியில் கூட்டத்தைப் பார்த்து ரகசியம் சொல்வதுபோலச் சொல்வார்: "கடவுளுக்குக் காது மந்தம். அதான் நான் தேவைப்படுறேன்."

அந்த வரி பெரியவளுடையது.

ஒரு விடுமுறை நாள் காலை தெருக்கோடி வழிபாட்டுக் கூடத்தின் ஒலிபெருக்கி வீட்டுக் கண்ணாடிகளை அதிரவைத்தபோது, சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னாள்: "கடவுளுக்கென்ன காது மந்தமா?" அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஒரு சட்டத்தின் திருகை முடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், "ம்" என்றார். எதிரில் உட்கார்ந்திருந்த சின்னவள்தான் சிரித்தாள். அப்போதே மனதில் முடிச்சுப்போட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது ஹெட்ஃபோனில் அதே வரி வந்தது. கூடம் குலுங்கியது. அந்தக் குலுக்கலுக்கு ஒரு நொடி முன்னால், வலது விளிம்பு மைக்கில், ஒரு ஆள் மூச்சை உள்ளே இழுத்து, அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்தார். வெடித்தபின் ஓய்ந்து, மறுபடி நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை வெடித்தார்.

அவளுக்கு யார் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வரிசை, வலது ஓரம். சின்னவள் கொடுத்த இலவசச் சீட்டில் கணவர் போயிருந்தார். இந்தச் சிரிப்பைக் கல்யாணமான புதிதில் கேட்டது. வீடு வந்தவுடன் கழற்றி மாட்டுகிற சட்டைபோல எங்கே மாட்டிவிட்டு வருகிறார் என்று அவள் பல நாள் யோசித்ததுண்டு. இங்கேதான் மாட்டியிருக்கிறார்.

அவள் திரும்பப் போட்டுக் கேட்டாள். இன்னொரு முறையும் கேட்டாள். பிறகு வலது விளிம்பின் பொத்தானை இறக்கினாள்.

பொறாமைக்கு இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு படியிலும் அதற்கு நியாயமான தொழில் காரணம் கிடைக்கும். ஒரு மைக்கில் ஒரே குரல் துருத்திக்கொண்டு நின்றால் குறைப்பதுதான் முறை. வலதைக் குறைத்தால் இடது கனக்கும். ஆகவே இடதையும் குறைக்க வேண்டும். இரண்டும் போனபின் கூரை மைக்கில் அந்த வெடிப்பு மெலிதாகக் கேட்டது. கூரையையும் கொஞ்சம் இறக்கினாள். பேச்சு தெளிவாக, சுத்தமாக நின்றது. சிரிப்பு இருந்தது, பக்கத்து வீட்டில் யாரோ காகிதம் கசக்குவதுபோல.

மேலாளர் பார்த்தார். படத்தொகுப்பாளரும் பார்த்தார். இரண்டு பேரும் பதிவு நடந்த அன்று கூடத்தில் இருந்தவர்கள். திரையில் சின்னவள் வாயைத் திறந்ததும் அவர்கள் காதுக்குள் பழைய சிரிப்பு தானாக ஓடியது. "பிரமாதம்" என்றார் மேலாளர்.

வீட்டில் பார்த்தவர்கள் கூடத்தில் இருந்ததில்லை.

மேடைக்காரர்களின் மௌனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிரிப்பு வந்தால் அது அடங்கும்வரை பேசாமல் நிற்பார்கள், அடுத்த வரி அமுங்கிப் போகக் கூடாது என்பதற்காக. அதிலும் சின்னவள் கூட்டத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சிரிப்போடு பார்த்தால் அது குறும்பு. சிரிப்பை எடுத்துவிட்டால்? அங்கி போட்ட ஒரு பெண் 'கடவுளுக்குக் காது மந்தம்' என்று சொல்லிவிட்டு, 'என்ன செய்வாய்?' என்பதுபோல உங்களை நேருக்கு நேர் முறைக்கிறாள்.

ஒளிபரப்பு முடிவதற்குள் நிலையத்துத் தொலைபேசிகள் அலற ஆரம்பித்தன. மறுநாள் வாசலில் கூட்டம். காது கேளாதவர்களைக் கேலி செய்ததாக ஒருவர், கடவுளைத் திட்டியதாகப் பத்துப் பேர், நிகழ்ச்சியைப் பார்க்காமலே கொதித்தவர்கள் மற்றவர்கள். சின்னவளின் அடுத்த நிகழ்ச்சிக்கு இடம் கொடுத்திருந்த அரங்கத்தார், கூட்டத்தைத் திரட்டிய பக்தர் சபை சமாதானமானால்தான் கதவைத் திறப்போம் என்று கையை விரித்துவிட்டார்கள். ஓர் அரங்கம் மூடினால் மற்றவையும் மூடும். அதோடு அவள் தொழில் அம்பேல்.

சின்னவள் அக்கா வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தாள்.

"நூறு மேடையில சொன்ன வரி அக்கா. ஒருத்தர் கூடக் கோச்சுக்கிட்டதில்ல. டிவில வந்ததும் என்ன ஆச்சு?"

"டிவி வேற, மேடை வேறடி" என்றாள் பெரியவள், துணி மடிப்பதில் மும்முரமாக.

"எனக்கே சிரிப்பு வரல" என்றார் கணவர். "அன்னிக்கு வயிறு வலிக்கச் சிரிச்சேன். டிவில பாத்தா சங்கடமா இருந்துச்சு. ஏன்னே புரியல."

"மாமா, நீங்களே இப்படிச் சொன்னா நான் எங்க போறது? உங்களை நம்பித்தானே கடை நடத்துறேன்." அக்கா பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா, எந்த ஹால்லயும் முதல்ல சிரிக்க ஒரு ஆள் வேணும். ஜனங்க கூச்சப்படுவாங்க. ஒருத்தர் ஆரம்பிச்சா கொட்டிடும். மாமா மாதிரி ஒரு முதல் சிரிப்பு காசு குடுத்தாலும் கிடைக்காது. அதான் சீட்டு அனுப்பிக் கூப்பிடுறேன்."

"வீட்டுல ஒரு தடவை கூட ஆரம்பிச்சதில்லயே" என்றாள் பெரியவள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

பக்தர் சபைச் செயலாளர் நிலையத்துக்கு நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, நிதானமான குரல். நல்ல ஒலிபெருக்கி இருப்பது கலவை அறையில்தான் என்பதால் மேலாளர் அவரை அங்கேயே அழைத்துவந்தார். சின்னவள் சுவரோரமாக நின்றாள். பெரியவள் பொத்தான்களின் முன்னால்.

"எழுதினது யாரு?" என்றார் செயலாளர்.

"நான்தான் சார். ஒவ்வொரு வரியும் என்னுது" என்றாள் சின்னவள். அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காப்பாற்றுவதற்காகத்தான் சொல்கிறாள் என்று பெரியவளுக்குத் தெரியும். ஆனாலும் சுருக்கென்றது. கைதட்டலை எடுத்துக்கொண்டாள், சரி. வசவைக்கூட எனக்கு விட்டுவைக்க மாட்டாளா?

ஒளிபரப்பான வடிவத்தை ஓட்டினாள். காது மந்தம். முறைப்பு. காகிதம் கசங்கும் சத்தம். செயலாளர் முகம் சுளித்தார்.

"இந்த இடத்துல ஹாலே விழுந்து விழுந்து சிரிச்சுது சார்" என்றார் மேலாளர்.

"யாரு சிரிச்சா? ஒரு ஈ காக்கா சிரிக்கல. இந்தப் பொண்ணு எங்களைப் பாத்து முறைக்குது."

சின்னவள் திரைக்கு அருகில் வந்தாள். தன்னையே கூர்ந்து பார்த்தாள். "அக்கா, இங்க நான் எதுக்கு இவ்வளவு நேரம் சும்மா நிக்கிறேன்?"

அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'நீ அன்னிக்குக் கொஞ்சம் இழுத்துட்டே' என்று. மேலாளர் நம்புவார். சின்னவளும் நம்புவாள், அக்காவின் காதை அவள் தன் காதைவிட அதிகம் நம்புகிறவள். ஒரு மன்னிப்பு வாசித்துவிட்டு, மூடிய அரங்கங்களின் வாசலில் நிற்பாள். மூன்றாவது வரிசை காலியாகும்.

பெரியவள் அந்தக் காட்சியை மனதுக்குள் ஆசையோடு ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு திரையில் படத்தைப் பின்னால் ஓட்டி, நான்கு பொத்தான்களையும் மேலே தள்ளினாள்.

உள்ளிழுத்த மூச்சு. வெடிப்பு. அதைத் தொற்றிக்கொண்டு கூடம் முழுவதும். சின்னவள் உபதேசியின் தாடியோடு நிற்கிறாள். அடக்க முடியாத இவர்களை என்ன செய்வது என்று பார்க்கிறாள். தாடி லேசாகத் துடிக்கிறது. அந்தத் துடிப்பு படத்தில் முன்பும் இருந்ததுதான். யாருக்கும் கண்ணில் படவில்லை.

செயலாளர் சிரிக்கவில்லை. "எனக்கு இப்பவும் பிடிக்கல" என்றார். "ஆனா யாரைச் சொல்றாங்கன்னு இப்பத் தெரியுது. சாமியை இல்ல, அந்த மைக் பிடிக்கிறவனை. எங்க சபைலயும் அப்படி ரெண்டு பேர் இருக்காங்க." பிறகு பெரியவளைப் பார்த்தார். "இந்தச் சிரிப்பு அன்னிக்கு எங்க போச்சும்மா?"

"நான்தான் குறைச்சேன்."

"எதுக்கு?"

"ஒரு குரல் துருத்திக்கிட்டு இருந்துச்சு." அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதுக்குக் கொஞ்சம் குறைச்சாப் போதும். நான் மொத்தமாக் குறைச்சேன். அந்த வரியும் என்னுதுதான் சார், அவளுது இல்ல."

யாருடைய குரல் என்று செயலாளருக்கும் மேலாளருக்கும் தெரியாது. சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகம் சிவந்தது.

விளக்கத்தோடு முழுச் சிரிப்பையும் சேர்த்து மறுஒளிபரப்பு செய்வது என்று முடிவானது. அரங்கத்தாரிடம் தானே பேசுவதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டார். பெரியவளை மேலாளர் செய்திப் பிரிவுக்கு மாற்றினார். அங்கே யாரும் சிரிப்பதில்லை.

சின்னவள் நடைக்கூடத்தில் காத்திருந்தாள்.

"பைத்தியமா அக்கா உனக்கு? என் பொழப்பையே கவுக்கப் பாத்தியே."

"ஆமா."

"ஆமாவா? சண்டையாவது போடேன்."

"என்ன சொல்லிச் சண்டை போடறது? என் வரியை எடுத்தே, நான் கேக்கல. அவர் சிரிக்கிறதை எடுத்தே, கேக்கத் தெரியல."

சின்னவள் தன் பையின் வாரைத் திருகினாள். "உன்கிட்ட நான் ஒரு மாசம் பேசக் கூடாது. பேசவும் மாட்டேன். ஆனா ஹால் திறந்ததும் ஷோ இருக்கு, அதையும் ரெக்கார்ட் பண்றாங்க. ஜனங்க பயந்து போய்தான் வருவாங்க, முதல் சிரிப்புக்கு ஆள் கட்டாயம் வேணும். மாமாவை அனுப்புவியா, மாட்டியா?"

பெரியவள் வேறொன்று கேட்டாள்.

"எங்க உக்கார வைப்பே?"

"வழக்கமான இடம்தான். மூணாவது வரிசை, வலது ஓரம்."

"அங்க வேணாம். விளிம்பு மைக் நேரா அவர் வாயில இருக்கு. ஒரே ஆள் சிரிக்கிற மாதிரி விழும். ரொம்பப் பின்னாடி, நடுவுல வை. கூட்டத்தோட கலந்துடும்."

"இது சவுண்டுக்காகச் சொல்றியா?"

"பாதி" என்றாள் பெரியவள்.