கயெம்பாவின் வாசல்

"எங்கம்மா போகணும்? அதையாவது சொல்லுங்க" என்று மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டு பிக்கப் வண்டி ஓட்டுநர் பிணவறை வாசலில் என்ஜினை அணைத்தான். பின்னால் சவப்பெட்டிமேல் ஒரு கையை வைத்து உட்கார்ந்திருந்த நஃபூனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போக இடமிருந்தால் சொல்லமாட்டாளா?

தலைநகர் நைரோபியில் செத்தாலும் ஆளைச் சொந்த ஊரான புங்கோமாவுக்குக் கொண்டுவந்து சொந்த நிலத்தில்தான் புதைப்பார்கள். நகராட்சி இடுகாடு கேட்பாரற்ற பிணங்களுக்கு. அவள் கணவன் முக்வானா அப்பன் பங்கை விற்று, கூடவே வளர்ந்த கயெம்பாவிடம் அரை ஏக்கர் வாங்கினான். அதைக் கயெம்பா முன்பே வேறொருவருக்கு விற்றிருந்தான். கொடுத்த பத்திரம் போலி. ஆறு வருடம் வழக்கு இழுத்தது. போன வாரம்தான் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. தண்டனை எவ்வளவு என்பது வருகிற வியாழக்கிழமை. அதற்குள் முக்வானா இரத்தக்கொதிப்பில் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆறு வருடம் பொறுத்தவனுக்கு இன்னும் ஒரு வாரம் பொறுக்கவில்லையே என்று அவன்மேலும் அவளுக்குக் கோபம்.

பிணவறை வாசலிலேயே கயெம்பா காத்திருந்தான், ஜாமீனில். நன்னடத்தை அலுவலர் செபெட்டையும் அழைத்து வந்திருந்தான். தண்டனைக்கு முன் நீதிபதிக்கு அறிக்கை எழுதித் தருபவள் அவள்தான். கயெம்பா பெட்டியில் முட்டிக்கொண்டு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவன்போல் அழுதான். ஒரு கண் மட்டும் அலுவலர்மேல் இருந்தது.

"அண்ணி, நான் மனுஷனே இல்ல. ஆனா எனக்கு நாலு பிள்ளைங்க. தண்டனையைக் கொறைங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"மொதல்ல இவரை எங்க வைக்கிறதுன்னு சொல்லு."

"என் வீடு அவன் வீடு இல்லையா? என் நிலத்துல படுக்கட்டுமே!" என்றான் எல்லோரும் கேட்கும்படி.

செபெட் குறித்துக்கொண்டாள்.

"எழுதிட்டியா தாயி?" என்றாள் நஃபூனா. பிறகு ஓட்டுநரிடம், "வண்டிய எடுப்பா. இவன் வீட்டுக்கு."

கயெம்பாவுக்கு அழுகை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. செபெட்டோடு அவனும் வண்டியில் தொற்றிக்கொண்டான்.

"ஆத்தோரமா ஒரு மூலை இருக்கு அண்ணி. நல்ல நிழல்."

"மூலையை நாளைக்கே வித்துடுவ. வாசல்ல."

"வாசல்லயா? நடுவுல கல்லறை இருந்தா அப்புறம் எவன் வாங்குவான்?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். செபெட் அதையும் எழுதினாள்.

முக்வானாவின் பங்காளிகள் மண்வெட்டியோடு வந்து, காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தை ஒதுக்கிவிட்டு, கயெம்பா வீட்டுக் கதவுக்குப் பத்தடியில் தோண்டினார்கள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. மண் தள்ளும்போது நஃபூனா அழுதாள். இருந்த ஆத்திரத்தில் அதுகூட முழுசாக வரவில்லை.

"இப்ப சொல்லுங்கம்மா" என்றாள் செபெட். "உங்க குடும்பம் என்ன கேக்குதுன்னு எழுதட்டும்?"

எத்தனை வருடம் கேட்கப்போகிறாளோ என்று கயெம்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஜெயில் வேண்டாம்னு எழுது."

"அண்ணி!" என்று அவன் காலில் விழப் போனான்.

"தள்ளி நில்லு. உள்ள போனா மூணு வேளையும் தின்னுட்டு, எல்லாத்தையும் மறந்துட்டுத் தூங்குவான். வேண்டாம். இங்கயே இருக்கட்டும். தினம் காலையில இந்தக் கதவைத் திறக்கட்டும்."

செபெட்டின் பேனா சற்று நின்று, பிறகு ஓடியது. நஃபூனாவுக்கு இதை முக்வானாவிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

கயெம்பாவின் மனைவி பாத்திரம் கழுவிய தண்ணீரோடு வெளியே வந்தாள். வாசலில் வீசிக் கொட்ட ஓங்கியவள் அப்படியே நின்றாள். பிறகு தண்ணீர்ச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஈரமண்ணைச் சுற்றி, வீட்டுக்குப் பின்புறம் போனாள்.