நண்டுக்கூடையில் வந்த கடலரசன்

சாவகத் தீவின் கடலரசன், முந்நூறு வயது நிரம்பியவன், பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் இன்று காலை கண்டெடுக்கப்பட்டான். அடுத்த கப்பலில் சீமைக்கு எழுந்தருள இருக்கிறான் என்பதைச் சகலரும் அறிந்து பெருமைகொள்ளக் கடவது. இப்படி அறிவித்தவர் ஒல்லாந்தத் துரைக்கு மொழிபெயர்க்கும் கோட்டைத் துபாஷி துளசிங்கம். கடலரசனின் உயரம் ஒரு விரல். கண்டெடுத்த இடம் சமையற்கட்டு நண்டுக்கூடை.

நண்டுக்குக் காசு வாங்க வந்து கேட்டுக்கொண்டு நின்ற தோணிரேவு மீனவன் நீலமேகம் மடியைத் தடவிப் பார்த்தான்; வெறும் மடி. அந்தக் கடலரசன் அவன் வீட்டுக் குலுக்கல் கட்டை. ஏரியில் இந்த வருஷம் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் குலுக்கிப் பார்க்கும் குடத்தில், வீட்டுக்கு ஒன்றாகப் போடுகிற பொம்மை. குலுக்கல் இன்றைக்குத்தான் என்று மடியில் செருகியிருந்தான். விடியலில் நண்டு பிடித்துக் கூடையில் போடக் குனிந்தபோது விழுந்திருக்கிறது. கூடையை அவன் பெண்சாதி தேவகி கோட்டையில் கொடுத்துவிட்டாள்.

உச்சிப்பொழுதில் குலுக்கல். முன்பு ஒருத்தன் இரண்டு கட்டை போட்டு மாட்டியதிலிருந்து, ஊர்த்தலைவர் பழைய கட்டைதானா என்று தடவிப் பார்த்துத்தான் குடத்தில் விடுவார். கட்டை இல்லாத வீட்டுக்கு அந்த வருஷம் ஏரியே இல்லை.

துளசிங்கமோ, காலடித் துளை தூபம் ஏற்றுவதற்கானது என்று துரைக்கு விளக்கிக்கொண்டிருந்தார். துளை பூச்சி அரித்தது. ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் கட்டை ஒரு முழம் கப்பலை நெருங்கியது.

“சாமி, அது எங்க ஊட்டுக் கட்டை. நான் செதுக்குனது.”

துளசிங்கம் குரலைத் தணித்தார். “இன்னாடா சொல்ற? முந்நூறு வருசம்னு சொல்லிட்டேன். இப்ப போய், நண்டு புடிக்கிறவன் செஞ்சதுன்னு என் வாயாலயே சொல்லணுமா?”

என்ன பேச்சு என்று துரை கேட்டார். வேறு வழியில்லாமல், இவனுக்கும் இதுபோல் செதுக்க வருமாம் என்று துளசிங்கம் பாதியை மட்டும் சொன்னார். துரை சிரித்தார். தான் சாப்பிட்டு வருவதற்குள் அச்சாக இன்னொன்று செய்யட்டும், முடியாவிட்டால் பொய்யனுக்குப் பத்துப் பிரம்படி என்று சொல்லி, அந்த நண்டையே தின்னப் போனார்.

நீலமேகம் பூவரசம் விறகை எடுத்து மீன்கத்தியால் செதுக்கினான். பிரம்போடு சிப்பாய் பக்கத்தில் நின்றான். கொடிமரத்தின் நிழல் அதன் காலடிக்குச் சுருங்கிக்கொண்டே வந்தது. பழையதைச் செதுக்கியபோது கத்தி வழுக்கி மூக்கு கோணிப்போயிருந்தது. இந்தத் தடவை, பாழாய்ப்போன பயத்தில், மூக்கு நேராக வந்துவிட்டது. அடுப்புக்கரியையும் எண்ணெயையும் அப்பி, பழையதன் பக்கத்தில் வைத்தான்.

துரை ஏப்பத்தோடு வந்தார். யாரையும் கேட்காமல் பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரசனுக்கு மூக்கு கோணலாக இருக்குமா? நேர்மூக்கனைப் பட்டுத்துணியில் வைத்தார். கோணமூக்கனைக் காட்டி, மீனவனின் கை இவ்வளவுதான், ஆனாலும் பொய்யனில்லை, அடி வேண்டாம் என்று சன்னல் வழியாக வீசினார்.

நீலமேகம் வாசல் பக்கம் நகர்ந்தான். துளசிங்கம், “துரை கண்ணுக்கு எதுவும் தப்பாது” என்றார், வேர்வையைத் துடைத்தபடி.

கீழே விழுந்த கட்டையைப் பொறுக்கிக்கொண்டு நீலமேகம் ஓடிய ஓட்டத்தில் மேல்துண்டு எங்கே போனதென்று தெரியவில்லை. தலைவர் குடத்தின் வாயைத் துணியால் கட்டப்போன நேரம், கட்டையை நீட்டினான். அவர் கோணமூக்கைத் தடவிப் பார்த்து உள்ளே விட்டார்.

அவன் கட்டை கடைசியாக வந்தது. மிச்சமிருந்தது கோட்டைச் சாக்கடை விழுகிற இடம்.