பிடியை விடுபவர்

ஆறே ஆறு அடி. கட்டிலிலிருந்து ஜன்னல்வரை ஆறு அடி எடுத்துவைத்து, மெதுவாகத் திரும்பி, மறுபடி வந்து கட்டிலில் உட்கார வேண்டும். பிடித்துக்கொள்ள ஒரே ஓர் ஆள் இருக்கலாம். வெள்ளிக்கிழமை காலை இதைச் செய்துகாட்டினால் மாஸ்டர் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் மறுவாழ்வு மையத்தின் நான்காவது மாடி, இனி எழுந்திருக்க மாட்டார்கள் என்று முடிவானவர்களைக் கிடத்துகிற இடம். நான்காவது மாடிக்குப் போன யாரும் நடந்து இறங்கியதைத் தான் பார்த்ததில்லை என்று, கேட்காமலேயே சொல்லிவிட்டுப் போனாள் கூட்டிப் பெருக்குகிற அம்மா.

அந்த ஒரே ஓர் ஆள் அவருடைய மனைவிதான். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

மாஸ்டர் பகலில் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிரீஸ் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து, ஜோடியாக ஆடும் நடனம் சொல்லிக்கொடுப்பார். அவள் கண்ணாடிக்கடையில் மூக்குக்கும் காதுக்கும் ஃப்ரேம் சரிபார்க்கிற வேலையை முடித்துவிட்டு நேராக ஹாலுக்கு வருவாள். அவர் லீடர், அவள் ஃபாலோயர். இருபத்தாறு வருஷம் இதில் மாற்றம் கிடையாது.

பிடி எப்படியென்று புதிதாக வருகிறவர்களுக்கு இருவரும் நின்று காட்டுவார்கள். அவருடைய வலது கை அவள் முதுகில், தோள்பட்டை எலும்புக்குக் கீழே. அவளுடைய இடது கை அவருடைய புஜத்தின் மேல். மற்ற இரண்டு கைகளும் கண் உயரத்தில் கோத்திருக்கும். முகத்தைப் பார்க்கக்கூடாது, அவருடைய வலது தோளுக்கு மேலே, தூரத்தில் பார்க்க வேண்டும். அவள் எப்போதும் பின்பக்கமாக நடப்பாள். அவள் முதுகுக்குப் பின்னால் சுவர் வருகிறதா, ஆள் வருகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. லீடர் தப்புப் பண்ணினால் ஃபாலோயர் முழிக்கக்கூடாது. அந்தத் தப்பையும் ஓர் அடியாக்கி, கூடவே போய்விட வேண்டும். பாட்டு முடிந்ததும் பிடியை விடுகிறவர் லீடர்தான். அவர் அவள் கையை லேசாக ஒரு தடவை அழுத்தி, "சரியா வந்தே" என்பார். அப்புறம்தான் விடுவார். வீட்டில் அவள் சமையலை ஒருநாளும் பாராட்டியதில்லை, மகராசன். ஆனால் இந்த இரண்டு வார்த்தை தவறியதில்லை.

மூன்று மாதத்துக்கு முன் வகுப்பின் ஆண்டு விழா. நாற்பது பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, கடைசியாக மாஸ்டரும் அவளும் ஆடினார்கள். பாட்டின் நடுவில் அவள் முதுகிலிருந்த கை இரண்டு விரல்கடை கீழே இறங்கியது. அவள் தன் இடது கையால் அவர் புஜத்தைத் தாங்கிக்கொண்டாள். அடுத்து அவருடைய வலது கால் இழுத்தது. அதையும் நிதானமான ஒரு சறுக்கலாக்கிக் கூடவே போனாள். ஒரு திருப்பத்தில் அவர் தள்ளாடினார், அவளும் சேர்ந்து சாய்ந்தாள், பார்த்தவர்கள் புதிய அசைவு என்று நினைத்துக் கைதட்டினார்கள். முழுசாக மூன்று நிமிஷம். அவள் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் அவர் வாய் கோணிக்கொண்டு போனது. அவள் விதிப்படி அவருடைய தோளுக்கு மேலே, ஹாலின் மூலையிலிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்து அவர் கையை அழுத்தவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. அப்படியே நாற்காலியில் சரிந்தார். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள்.

மூளையில் ரத்த அடைப்பு என்றார்கள். வலது பக்கம் செத்துவிட்டது, பேச்சு போய்விட்டது. அவருடைய அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், மருத்துவமனை வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டாள். தினமும் கட்டிப்பிடித்து ஆடினவளுக்குப் புருஷன் மூஞ்சி கோணினது தெரியலையாக்கும் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டாள். அதைக் கேட்டு மற்றவர்கள் நாத்தனாரைத்தான் திட்டினார்கள். முகம் அவளுக்குத் தெரியவில்லை என்பது நிஜம். கைக்குத் தெரிந்ததே. கை இறங்கியபோதே நின்றிருந்தால், ஆட்டத்தை நிறுத்தி முகத்தைப் பார்த்திருந்தால்! இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு இது தெரியுமா என்பதையும் அவளால் கேட்க முடியவில்லை.

மறுவாழ்வு மையத்தில் நடை பழக்குகிற பெண் நல்லவள். சின்ன வயது, அசாத்தியப் பொறுமை. மாஸ்டரின் இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டி, அவரை எதிரில் நின்று எப்படிப் பிடிப்பது என்று மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தாள். மாஸ்டருக்கோ பெல்ட் பிடி பிடிக்கவில்லை. நல்ல இடது கையால் துழாவி அவளுடைய வலது கையைக் கோத்துக்கொண்டால்தான் எழுந்திருப்பேன் என்று அடம். சரி, ஒரு கை பெல்ட்டில், ஒரு கை அவர் கையில் என்று முடிவானது.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க," என்றாள் அந்தப் பெண். "இனிமே நீங்கதான் அவரை நடத்தணும். அவர் சாஞ்சா நீங்க சாயக்கூடாது. அசையாம நில்லுங்க, அவரே நிமிர்ந்துடுவார்."

அவ்வளவுதானே என்று தோன்றும். அவர் இந்தப்பக்கம் சாய்ந்தால் அவளுடைய கால் தானாக இந்தப்பக்கம் போனது. அவர் தயங்கினால் அவளும் தயங்கினாள். மூன்று தடவை அந்தப் பெண் பாய்ந்துவந்து இருவரையும் சேர்த்துப் பிடித்தாள். வெட்கமும் அழுகையுமாக அவள் வீட்டுக்குப் போய், மெத்தையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி, அவர் உயரத்துக்கு நிறுத்தி, அதைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தாள். மெத்தை சொன்னபடி கேட்டது. "எதிர்த்து ஒரு வார்த்தை பேசுதா பாரு," என்று அதனிடமே சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் மெத்தைமேல் முகத்தைப் புதைத்து அழுதுதீர்த்தாள். பதினொரு நாள் இப்படி. பன்னிரண்டாம் நாள் மையத்தில் அவர் சாய்ந்தபோது அவள் அசையவில்லை. அவரும் நிமிர்ந்தார். மறுநாளும் அப்படியே. வெள்ளிக்கிழமை வீடு திரும்பியதும் அவர் போட்டுக்கொள்ளும் செருப்பைக்கூடத் துடைத்து வாசலில் வைத்தாள், பாவி.

வெள்ளிக்கிழமை காலை பெரிய டாக்டர் காகிதத்தோடு வந்து நின்றார். நாத்தனார் கதவோரம் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தாள். அவள் பெல்ட்டைப் பிடித்தாள். அவர் துழாவி அவளுடைய வலது கையைக் கோத்துக்கொண்டார்.

ஒன்று. இரண்டு. அவள் பின்பக்கமாக நடந்தாள், அவர் முன்னால் வந்தார். மூன்றாவது அடியில் வலப்பக்கம் சாய்ந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், அவர் நிமிர்ந்தார். நான்கு. நடை பழக்கும் பெண் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். ஐந்து. இன்று அவள் அவருடைய தோளுக்கு மேலே பார்க்கவில்லை. முகத்தையே பார்த்தாள். அந்த முகம் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, பின்னாலிருந்த சுவரைப் பார்த்தது.

அவள் சுவரில் இடித்துக்கொள்ளப் போகிறாள் என்று அவர் நினைத்தார்.

கோத்திருந்த கை மெல்ல உயர்ந்தது. கண் உயரத்துக்கு வந்து, அவளுடைய கையை ஒரு நூலளவு தள்ளியது. வலப்பக்கம் திரும்பு. மூன்று மாதத்தில் அவர் அவளிடம் சொன்ன முதல் தெளிவான விஷயம் அது. அசையாதே என்று மனசு கத்தியது. உடம்பு அதைக் கேட்கவில்லை. அவள் திரும்பினாள், எவ்வளவு அழகாகத் திரும்பினாள்! அவர் தன் முழுப் பாரத்தையும் வலது காலில் இறக்கினார். அங்கே கால் இல்லை.

இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். அவர் தோள் தரையில் இடித்தது, அவள் அவர்மேல் கிடந்தாள். அடி பலமில்லை என்று அந்தப் பெண் தடவிப் பார்த்துச் சொன்னாள். பெரிய டாக்டர் பேனாவை எடுத்து என்னவோ எழுதினார். கோபப்படவில்லை, பரிதாபப்பட்டார். அது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது. நாத்தனார் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"நான் நின்னிருக்கணும்," என்றாள் அவள், அவர் காதருகில். "அன்னைக்கும் நான் நின்னிருக்கணும். கை எறங்கினது எனக்குத் தெரியும்ங்க. தெரிஞ்சேதான் ஆடினேன்."

அவர் அவளைப் பார்த்தார். கோணிய வாய் திறந்து மூடியது, மறுபடி திறந்தது.

"சரியா," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "வந்தே."

அவர் அதை மன்னித்துச் சொன்னாரா, குத்திக்காட்டிச் சொன்னாரா, இரண்டும் இல்லாமல் பழக்கத்தில் வந்த வார்த்தையா, அவளுக்குத் தெரியவில்லை. இனி கேட்கவும் முடியாது. அதற்குமேல் ஒரு சொல்லும் அவரிடமிருந்து வரவில்லை.

தள்ளுவண்டி வந்தது. இரண்டு பேர் அவரைத் தூக்கிக் கிடத்தினார்கள். அவள் கை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. நான்காவது மாடிக்குப் போகும் லிஃப்ட்டின் கதவு திறந்தது. கையை விடச்சொல்லி அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். அவள் விடவில்லை. எப்படி விடுவாள்? அது அவளுடைய வேலையே இல்லை.

அவர்தான் அவளுடைய கையை லேசாக ஒரு தடவை அழுத்தினார். பிறகு விட்டார். வண்டியை உள்ளே தள்ளினார்கள், கதவு மூடிக்கொண்டது.