குதிகால் மண்

பச்சையப்பனின் மூச்சு நின்று இரண்டு வருடமாகியும் அவர் சாகவில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த டாக்டர் மார்பில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே சத்தமில்லை என்றார். அதற்குப் பச்சையப்பன், "கஞ்சி ஆறிப்போவுது, சீக்கிரம் பாத்துட்டுப் போ நைனா" என்றார். ஒரு வாரம் பார்த்துக்கொள்ள ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த மகள் செண்பகம் அப்படியே தங்கிவிட்டாள். புரட்டிப் படுக்கவைப்பதும் துடைப்பதும் ஊட்டுவதுமாக அவள் முழங்கால் தேய்ந்தது. முதலில் தினமும் போன் செய்த அவள் புருஷன், பிறகு வாரத்துக்கொரு முறை செய்தான், அப்புறம் விட்டுவிட்டான்.

இழுத்துக்கொண்டு கிடப்பவருக்கு எதன்மேல் ஆசையோ அதைக் கரைத்து வாயில் ஊற்றினால் உயிர் பிரியும் என்பது ஊர் வழக்கம். பச்சையப்பனுக்கு மண்ணாசை. ஆனால் அவருடைய வயலை மகன் லோகு என்றோ விற்று, திருவள்ளூரில் மாடிவீடு கட்டிவிட்டான். வயல்மேல் இப்போது ஒரு கம்பெனி நிற்கிறது. லோகு போய், கம்பெனி கேட் ஓரத்துப் பூந்தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளிவந்தான். எந்த மண்ணானால் என்ன என்று நினைத்துவிட்டான் அந்தப் புத்திசாலி. அது ஆந்திராவிலிருந்து லாரியில் வந்த செம்மண். கரைத்துக் குடித்த அன்றிலிருந்து கிழவர், பார்த்தேயிராத ஒரு மாந்தோப்பை நினைத்து, அதுவரை பேசியறியாத தெலுங்கில் அழுதார். செண்பகத்துக்கு இது முடிந்தால் போதும் என்றிருந்தது. அப்படி நினைத்ததற்காகத் தனியே அழவும் செய்தாள்.

ஒரு மத்தியானம் அவள் தலைமாட்டைக் கடந்தபோது அவர் தமிழில் கேட்டார்: "வயலுக்குப் போய்க்கினு வரியா? நம்ம சேத்து வாசன வருதே." கல்யாணத்துக்கு முன்பு அந்த வயலில் நாற்று நட்டவள் அவள்தான். லோகு அதில் கால் வைத்ததில்லை. குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். வெடிப்புக்குள் கரிய களிமண் இன்னும் ஈரமாக இருந்தது. பெற்றவருக்குக் கால் கழுவிய தண்ணீரைக் கொடுப்பதா என்று சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு கல்லில் தேய்த்துக் கழுவி, டம்ளரில் வடித்து எடுத்துவந்து, "குடிப்பா" என்றாள்.

"நம்ம தண்ணி" என்றார் பச்சையப்பன். முழுக்கக் குடித்துவிட்டுச் செத்தார்.

கொள்ளி வைத்தது லோகுதான். காரியம் முடிந்தபோது செண்பகத்தின் குதிகாலில் நெல் முளைத்திருந்தது. "அப்பா சொத்துல எனுக்கும் பங்கு உண்டில்ல?" என்றான் லோகு. அவள் காலை நீட்டி, "நீயே அறுத்துக்கோ. ராவும் பகலும் தண்ணி மட்டும் கட்டணும்" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவன் கிளம்பிவிட்டான்.

அவள் ஊத்துக்கோட்டைக்குத் திரும்பியதும் புருஷன் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டான். ஷேர் ஆட்டோவில் கதிர் மிதிபடாமல் மற்றவர்கள் நகர்ந்து உட்காருகிறார்கள். பொழுது சாய்ந்ததும் குதிகாலுக்குள்ளிருந்து, "தண்ணி கட்னியாமா?" என்று குரல் வரும்.

"கட்டிக்கினேதாம்பா கீறேன்" என்று சொல்லி, செண்பகம் பிளாஸ்டிக் டப்பில் காலை வைத்துக்கொள்வாள்.