வளர்ந்த பாறை

மாதப்பன் மூன்றாவது முறையாகக் கடப்பாறையை ஓங்கிப் போட்டார். அது ணங்கென்று எகிறியது.

“ஆகாதும்மா. பாறை. எறங்கவே மாட்டேங்குது.”

மேகலா பக்கத்திலிருந்த அம்மாவின் சமாதியைப் பார்த்தாள். மண் மேட்டை அருகம்புல் மூடியிருந்தது. அதற்கு ஒரு கை அகலம் தள்ளி ஆரம்பித்த கரும்பாறை, ஊருக்கு வெளியே இருந்த அவர்களுடைய கொல்லைக்காட்டின் மேட்டுப்பக்கம் வரை கிடந்தது. ‘அம்மாவை ஒட்டித்தான் என்னைப் போடணும்’ என்று அப்பா அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். குழி வெட்டுற எடத்துக்குப் பொம்பளப் புள்ள எதுக்கு என்று அத்தைமார் முணுமுணுத்தும், இடத்தைக் காட்ட அவளே வந்தது அதனால்தான்.

அப்பா மணிவேல் நேற்றுக் காலை ஓசூரில் ஒரு பெரிய வீட்டின் தோட்டத்தில் தரை போட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கான்கிரீட்டை ஊற்றி, அது இறுகும் முன் அச்சு அழுத்தி, சாயம் ஏற்றி, மலையில் வெட்டிய கல் மாதிரி ஆக்குவதுதான் அவர் தொழில். அந்த வீட்டுக்காரர்கள் அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடிப்பார்கள். மேகலா போனில் படம் பார்த்ததோடு சரி. செல்போன் கம்பெனி வேலை, ஹாஸ்டல் வாசம். மாதத்துக்கு ஒரு தரம் வீட்டுக்கு வந்தால் துணி துவைக்கவே நேரம் போய்விடும்.

பெரியப்பா திருமலை செருப்பை மாட்டினார். “வுடு கண்ணு. ஏரிக்கரையில போட்டுடலாம். சனமெல்லாம் வந்தாச்சு. வெயிலும் ஏறுது.”

“கொஞ்சம் இருங்க பெரியப்பா. மாதப்பண்ணா, அம்மாவுக்கு நீங்கதான வெட்டுனீங்க?”

“நாந்தான்.”

“அப்ப இங்க பாறை இருந்துச்சா?”

மாதப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். “அதாம்மா எனக்கும் கொழப்பம். பாறை அந்தாண்ட இருந்துச்சு. இங்க மண்ணுதான். வாரி இங்கதான் கொட்டுனேன்.”

“பாறை வளருமா?”

மாதப்பன் கடப்பாறையின் முனையைத் திருப்பிப் பார்த்தார்.

மேகலா குந்தி உட்கார்ந்து பாறையைத் தடவினாள். நேற்றிலிருந்து அப்பாவின் முகத்தைத் தவிர வேறெதுவும் அவளுக்குக் கண்ணில் நிற்கவில்லை. இப்போது இது நின்றது. சொரசொரப்பு, காய்ந்த பாசியின் திட்டு, கவட்டை மாதிரி பிரியும் ஒரு வெடிப்பு. வெடிப்பு பிரிகிற இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு குழி.

எழுந்து பாறை மேலேயே மேட்டுப்பக்கம் நடந்தாள். துவரை காயப்போடும் இடம் வந்ததும் நின்றாள். அதே கவட்டை. அதே குழி. விரலை விட்டுப் பார்த்தாள். ஓடி வந்து கீழே இருந்ததிலும் விட்டாள். இரண்டிலும் நகம் மறைகிற ஆழம்தான்.

போனை எடுத்தாள். “ஹரீஷண்ணா, கொஞ்சம் கொல்லைக்கு வாங்க.”

ஹரீஷ்குமார் கர்நாடக எல்லையோரத் தளிக்காரர்; வீட்டில் கன்னடம். பல வருடமாக வேலையில் அப்பாவின் ஜோடி. சாவு வீட்டில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தவர் வண்டியில் வந்து இறங்கினார். மேகலா முதலில் மேட்டுப்பக்கத்தைக் காட்டினாள்.

“இது தெரியுமே. இதுலதான் அச்சு எடுத்தோம். ரப்பரை ஊத்தி, காஞ்சதும் உரிச்சா பாயாட்டம் வரும். அதை வெச்சுத்தான் எல்லா எடத்துலயும் அழுத்துறது.”

“எல்லா எடத்துலயுமா?”

“ஆமா. ஓசூர்ல எத்தன வூட்டுல உங்க கொல்லை கெடக்குது தெரியுமா?” சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

சமாதிப் பக்கம் அழைத்துவந்தாள். அவர் மண்டியிட்டு, விரல் முட்டியால் தட்டித் தட்டி நகர்ந்தார். புல்லை விலக்கி ஓரத்து மண்ணைச் சாவியால் சுரண்டினார். உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது.

“அய்யோ தேவ்ரே. இது அவரு ஊத்துனது. எங்கிட்டச் சொல்லவே இல்லையே.” பாசித் திட்டைத் தொட்டுப் பார்த்தார். “இதுகூட சாயம்தான் பாரு. கஸ்டமருக்கே நாங்க இவ்ளோ செய்ய மாட்டோம்.”

“எதுக்கு இங்க?”

“பழகிப் பாத்திருப்பாரு.”

“மழையில உங்கம்மா சமாதி கரையக் கூடாதுன்னு போட்டிருப்பான்” என்றார் பெரியப்பா.

மேகலாவுக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. அம்மா போனபின் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்தால் அப்பா கொல்லையில்தான் இருப்பார். என்னப்பா பண்றீங்க என்றால், சும்மாதான் என்பார்.

“அப்ப ஒடைச்சிரலாமுங்களா?” என்றார் மாதப்பன்.

“அவன் கையால செஞ்சது” என்றார் பெரியப்பா. “அதைப் போயி ஒடைக்கிறதா? ஏரிக்கரைக்கே போலாம் கண்ணு.”

மேகலா கவட்டை வெடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊருக்குள் மேளம் ஆரம்பித்துவிட்டது.

“ஒடைங்கண்ணா.”

ஹரீஷ்குமாரே சம்மட்டியை வாங்கிக்கொண்டார். முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடிக்கு விரிசல் ஓடியது. கவட்டையைத் தொடாமல் வேறு பக்கமாக, நேராக ஓடியது. துண்டு துண்டாகப் பெயர்த்து ஓரமாக அடுக்கினார்கள். திருப்பிப் போட்டதும் அத்தனையும் வெறும் சிமெண்ட்.

அடியில் மணல் இருந்தது.

“மட்டத்துக்குப் போடுறது. ரெண்டு இஞ்சு இருக்கும்” என்றார் ஹரீஷ்குமார்.

மாதப்பன் மண்வெட்டியைப் போட்டார். அதன் தகடு முழுக்க உள்ளே போனது. வாரி எறிந்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் மணல்தான். குழிக்குள் இறங்கி முழங்கால் அளவு வாரியபோது ஓர் ஆள் படுக்கிற அளவில் நான்கு பக்கமும் செம்மண் சுவர் செங்குத்தாக எழும்பியது. எப்போதோ மண்வெட்டி சீவிய தடம் அதில் வரிசையாகத் தெரிந்தது.

ஹரீஷ்குமார் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா அடுக்கியிருந்த துண்டுகளின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

மேகலா மணலை ஒரு கை அள்ளினாள். விரல்களுக்கிடையில் விட்டுப் பார்த்தாள். சலித்த மணல். ஒரு கல்கூட இல்லை.

மாதப்பன் இப்போது இடுப்பளவு ஆழத்தில் நின்று வாரிக்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை.