மிதவைக் காவல்

மஞ்சள் மிதவையில் படகைக் கட்டியிருந்தது சுப்பராயலுவின் சொந்த மச்சான்.

மணப்பட்டுக் கரையிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம். கடலுக்குள் காற்றாலை நடலாமா என்று பார்க்க, காற்றின் வேகத்தை அளக்கும் மிதவையை அங்கே நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தது ஒரு கம்பெனி. ஒரு வருஷம் யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் சுப்பராயலுவின் வேலை. அது சாய்ந்தால் வேலை போய்விடும். ஆனால் கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலுக்கு மீன் வரும். இப்போது பாறை மீன் மொய்த்தது.

மச்சான் தமிழ்க்குமரனும் அவன் கூட்டாளி அரிகரனும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் படகின் இழுப்பில் மிதவை ஒருபக்கமாகச் சரிந்து நின்றது.

"கயித்த அவுறு மச்சான்."

"இன்னா மாமா, மீனுக்கும் சேத்தா சம்பளம் தர்றான்?"

"மிஷின் சாஞ்சா என்னயத்தான் கேப்பான்."

"காத்து சாச்சிடுச்சுன்னு சொல்லு," என்றான் அரிகரன். "அத அளக்கத்தான வந்தானுங்க."

சுப்பராயலு படகை ஒட்டி நிறுத்தி, எட்டிக் கயிற்றை அறுத்தார். அவர்கள் படகு வெடுக்கென்று விலகியதில் அரிகரன் குப்புற விழுந்தான், வாயெல்லாம் ரத்தம். தமிழ்க்குமரன் துடுப்பைத் தூக்கிச் சுப்பராயலுவின் நெற்றியோரம் அடித்தான். அடுத்த அடி தோளில் இறங்கியது.

"எங்க அக்கா கையால தின்னுட்டு கம்பெனிக்காரனுக்குக் காவலா?"

துடுப்பை வீசிவிட்டு, மறுபடி கட்ட வேறொரு கயிற்றோடு தண்ணீரில் குதித்தான். மிதவையின் ஏணியைப் பிடித்தான்.

மிரட்டி விலக்கத்தான் சுப்பராயலு எஞ்சினை முறுக்கினார். நெற்றியில் வடிந்த ரத்தம் கண்ணில் இறங்கியிருந்தது. ஒரு அலை படகின் பின்பக்கத்தைத் திருப்பிவிட, எஞ்சின் விசிறி தமிழ்க்குமரனின் தொடையில் ஏறியது.

அவன் கத்தவில்லை. ஏணியை விட்டுவிட்டான், அவ்வளவுதான். தண்ணீர் சிவந்தது.

அரிகரன் சுப்பராயலுவின் படகுக்குத் தாவி வந்தான். இரண்டு பேருமாகத் தமிழ்க்குமரனைத் தூக்கி உள்ளே போட்டார்கள். சுப்பராயலு லுங்கியைக் கிழித்துத் தொடையை இறுக்கினார். முழங்காலுக்கு மேலே எலும்பு வெளியே தெரிந்தது. அரிகரன் காயத்தை அமுக்கிப் பிடித்தபடி, "ஓட்டு, ஓட்டு," என்றான்.

கால் மணி நேரத்தில் கம்பெனி வயர்லெஸ் பேசியது. "படகு ஏன் இடத்த வுட்டு நகருது?"

"அடிபட்ட ஆளு இருக்கான் சார்."

"மிதவைக்கு ஒண்ணும் ஆகலையே?"

சுப்பராயலு திரும்பிப் பார்த்தார். தூரத்தில் மிதவை நிமிர்ந்துதான் நின்றது.

"ஆகல சார்."

தமிழ்க்குமரன் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தான். கரைக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.