சாதாரண உடை

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு அனுப்பிய அழைப்பு அட்டையில், "சாதாரண உடையில் வந்தால் போதும்" என்று சிசுரு அச்சிட்டிருந்தாள். ஜப்பானின் தொத்தோரிக் கடற்கரையில் அந்த வரியைப் படிக்கிற எவரும் கறுப்பு உடையைத்தான் எடுத்து இஸ்திரி போடுவார்கள். சாவு வீட்டுக்குப் போடுகிற முழுத் துக்க உடை வேண்டாம், அடக்கமான கறுப்பு போதும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

தம்பி மனைவி லியெனுக்கு அது தெரியாது. வியட்நாம்காரி. தம்பி ஷூஹெய் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். நினைவு நாளன்று அவன் கப்பல் நடுக்கடலில் இருக்கும். அதனால் ஒசாகாவிலிருந்து அவள் மட்டும் வருவதாக ஏற்பாடு. அவள் போன் செய்தபோது சிசுரு சமையலறையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சாதாரண உடைன்னா நெஜமாவே சாதாரண உடைதானா?"

"அதான் அட்டையில போட்டிருக்கே."

"மாமாவுக்குப் பிடிச்ச மஞ்சள் கவுன் ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுக்கலாமா?"

சிசுரு கத்தியை நிறுத்தினாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது நாக்கு நுனிவரை வந்தும் விட்டது.

"உன் இஷ்டம்" என்றாள்.

அவளுக்குள் ஒரு முள் தைத்திருந்தது. அப்பா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து தூக்கி உட்கார வைத்ததும், துடைத்துவிட்டதும், மாற்றுத்துணி போட்டதும் சிசுருதான். அவள் காய்ச்சிய கஞ்சியை மட்டும் அவர் வாயில் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைசி இலையுதிர் காலத்தில் லியென் உதவிக்கென்று வந்து தங்கினாள். அவள் ஊட்டிய கஞ்சியை அவர் குழந்தை மாதிரி ஆவென்று வாய் திறந்து வாங்கிக்கொண்டார். "லியென் எங்கே?" என்றுதான் கேட்பார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சிசுரு அதைக் கேட்டிருக்கிறாள்.

நினைவு நாளன்று கோயில் வாசலில் டாக்சி வந்து நின்றது. லியென் இறங்கினாள். கறுப்பு உடைக் கூட்டத்துக்கு நடுவே அந்த மஞ்சள் கண்ணைப் பறித்தது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு, எல்லோரையும் பார்த்ததும் அப்படியே உறைந்தது.

சிசுருவின் வீடு கோயிலுக்குக் கூப்பிடு தூரம். அலமாரியில் இன்னொரு கறுப்பு உடை தொங்குகிறது. ஓடிப்போய் எடுத்துவர நேரமும் இருந்தது. அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"கல்யாண வீடுன்னு நெனச்சிட்டா போல" என்று கோசோ சித்தப்பா முணுமுணுத்தார். பக்கத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

பிக்கு சூத்திரம் ஓதினார். ஒவ்வொருவராக எழுந்து போய், வாசனைத் தூளைக் கிள்ளி நெற்றிவரை உயர்த்தித் தணலில் இட்டார்கள். லியென் கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக் கவுனை மறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்து நடந்தபோது பாய்மேல் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் கண்களும் அவள் பின்னாலேயே போயின. அப்பாவின் படத்துக்கு முன் குனிந்தவள் நிமிர வெகுநேரமானது. சிசுரு நினைத்தது நடந்துவிட்டது, பார்க்கத்தான் முடியவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் லியென் பந்தியில் உட்காரவில்லை. எங்கிருந்தோ ஒரு சமையல் அங்கியை வாங்கிக் கவுன்மேல் கட்டிக்கொண்டு தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஹிசாயோ அத்தை அவளை நிறுத்திக் கேட்டாள்:

"ஏம்மா, உனக்கு யாரும் சொல்லலையா?"

"அக்கா சரியாத்தான் சொன்னாங்க, அத்தை. எனக்குத்தான் மொழி சரியாப் புரியல. மன்னிச்சிடுங்க."

சிசுரு சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள். காது மடல் எரிந்தது.

"நான் சரியாச் சொல்லல" என்றாள். "அவ மஞ்சள் கவுன் போடட்டுமான்னே கேட்டா. எல்லாரும் கறுப்புல வருவாங்கன்னு தெரிஞ்சேதான் உன் இஷ்டம்னு சொன்னேன். அவ தலைகுனியட்டும்னு நெனச்சேன்."

ஹிசாயோ அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, தம்பி பொண்டாட்டிக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கறா. அப்படியே எங்க அண்ணன் குணம்."

"இல்லை அத்தை, நெஜமாவே..."

"போதும்மா. சூப் ஆறுது, குடி" என்றார் சித்தப்பா, இதுவரை இல்லாத கனிவோடு. ஆளாளுக்குத் தலையசைத்தார்கள். சிசுருவுக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

லியென் மட்டும் தலையசைக்கவில்லை. கெட்டிலைப் பிடித்தபடி சிசுருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் போனபின் இருவரும் பின்கட்டில் கோப்பைகளைக் கழுவினார்கள். லியென்தான் முதலில் பேசினாள்.

"நீங்க சொன்னதை அவங்க நம்பல. நான் நம்பறேன். ஏன்க்கா?"

"அப்பா உன் கையால சாப்பிட்டாரு. என் கையால சாப்பிடல." சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று சிசுருவுக்குப் புரிந்தது.

லியென் குழாயை மூடினாள். ஈரக் கையை அங்கியில் துடைத்தாள்.

"நான் மீன் சாறு ஊத்தினேன்க்கா."

"என்ன?"

"அவர் கஞ்சியில. எங்க ஊர் மீன் சாறு, ஒரே உப்பு. உப்பு கூடாதுன்னு டாக்டர் சொன்னதால நீங்க சப்புன்னு கொடுத்தீங்க. ஒருநாள் அவர் என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரு. எனக்கு இல்லைன்னு சொல்ல மனசு வரல. அப்புறம் தெனமும் ஊத்தினேன். அதனாலதான் சீக்கிரம் போயிட்டாரோன்னு... ஷூஹெய்கிட்டகூட இன்னும் சொல்லல."

சிசுரு சுவரில் சாய்ந்தாள். தான் விதி தவறாமல் காய்ச்சிய அத்தனை கஞ்சியும், அவர் திருப்பிக்கொண்ட முகமும் நினைவுக்கு வந்தன. உப்புக்குத்தானா. அவர் தன்னிடமும் கெஞ்சியிருக்கலாம். கெஞ்சினால் திட்டுவாள் என்று பயந்திருப்பார்.

"உன்னால இல்லை" என்றாள். "நீ வர்றதுக்கு முன்னாடியே டாக்டர் கைவிரிச்சிட்டாரு. நான்தான் உங்க யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தேன்."

லியென் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சிசுருவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளைத் தொடத் துணியவில்லை.

"இன்னிக்கு நீங்க செஞ்சதை நான் சீக்கிரம் மறக்க மாட்டேன்க்கா" என்றாள் லியென், அழுகை அடங்கிய பிறகு.

"மறக்காதே" என்றாள் சிசுரு.

லியென் மாலை ரயிலில் போனாள். கப்பல் கரை சேர்ந்ததும் சிசுரு தம்பிக்குத் தானே போன் செய்து, லியெனுக்குத் தான் செய்ததைச் சொன்னாள். அவன் போனை வைத்துவிட்டான். புத்தாண்டுக்கும் அவன் வரவில்லை. ஊரில் ஹிசாயோ அத்தை இன்னும் சிசுருவைப் புகழ்ந்துகொண்டிருக்கிறாள்; மீன் சந்தையில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அவள் வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள்.